முதலாளியின் சரிகை வேட்டி

ஆறுமுகநயினார் முதலாளி தன் பழைய கேபின் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் கரையில் ஏற்றி வைத்திருந்தார். அவருடைய சரிகை வேட்டி ஈரமணலைக் கூட்டிக்கொண்டே வந்தது. தூக்கிக் கட்டினால் கௌரவம் என்னாவது?

வாங்க வந்தவள் இட்லிக்கடை ரெஜினாள். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் பிழைக்கலாம் என்று, சேர்த்ததையெல்லாம் மடியில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அவளுக்கு இதுதான் முதல் படகு.

“தண்ணியில எறக்கிக் காட்ட மாட்டேன். முடிஞ்சா ஒரு கொறை சொல்லு. இல்லன்னா கேட்ட பணத்த வச்சிட்டு எடுத்துட்டுப் போ” என்றார் முதலாளி.

பலகையைத் தட்டிப் பார் என்றான் வேடிக்கை பார்க்க நின்றவர்களில் ஒருவன். எஞ்சினை மோந்து பார் என்றான் இன்னொருவன். தட்டினாள், மோந்தாள், ஒரு எழவும் புரியவில்லை. முதலாளி கேபினுக்குள் நுழைந்து, “தரையப் பாரு, பளபளன்னு!” என்றார். பார்த்ததும் அவளுக்குக் குழப்பம் இன்னும் கூடிப்போயிற்று.

“படகப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல மொதலாளி. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“ஈரமணல்ல இழுபட விட்ட வேட்டிய, காஞ்சு கெடக்குற கேபினுக்குள்ள வந்ததும் எதுக்கு முழங்காலுக்கு மேல தூக்கிக் கட்டுனீங்க?”

முதலாளி குனிந்து பார்த்தார். கடலில் இந்தக் கேபினுக்குள் நுழைந்து நுழைந்து பழகின கை, அவரைக் கேட்காமலே கட்டியிருந்தது.