பக்கத்து அடுப்பின் வாசம்

"கொய்யா மூட்டைய மட்டும் ஏன் டீச்சர் சவரிக்கே குடுக்கிய?"

கேட்டவர் அருமைநாயகம். ஐம்பதைத் தாண்டியவர். டீச்சர் என்று அவர் அழைத்த செண்பகவல்லிக்கு அவரைவிட வயது குறைவு. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைப் பார்க்க முடியுமா?

டீச்சர் இடுப்பில் செருகியிருந்த கிடங்குச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"எது வேணுமோ எடுத்துக்கோங்க அண்ணாச்சி."

அத்தோடு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது செண்பகவல்லியின் சமையல்கூடம். அங்கே விறகும் கிடையாது, கேஸும் கிடையாது. மூடி போட்ட இரும்பு அடுப்புகள் மட்டும்தான். பக்கத்துத் தொட்டியில் பெல்லட்டைக் கொட்டினால் மோட்டார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். பெல்லட் என்பது வேறொன்றுமில்லை, மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த சின்னத் துண்டு. மூடிக்குள் மீனோ கோழியோ அந்தப் புகையிலேயே வேகும்.

கொய்யா, மா, புளி என்று மரத்துக்கு ஒரு மூட்டை கிடங்கில் இருந்தது. எந்த மரத்தின் தூளோ அந்த மரத்தின் வாசம் கறியில் ஏறும். எதற்கு எந்த மரம் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி.

கற்க வந்தவர்கள் இரண்டு பேர். அருமைநாயகம் ஒருவர், சவரிராயன் ஒருவன். ஆளுக்கு ஓர் அடுப்பு. நடுவே இடுப்பளவு சுவர்.

அருமைநாயகம் தென்காசியில் ஹோட்டல் வைத்திருந்தவர். எதிரே இன்னொரு ஹோட்டல் வந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே எதிர்க் கடை வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்தே காலம் போயிற்று. கடைசியில் கடையை மூடினார். புகையில் வெந்த கறியோடு மறுபடி திறக்கலாம் என்று இங்கே வந்தார்.

சவரிராயன் லாரி ஓட்டியவன். வாய் ஓயாதவன். தன் சமையலைத் தானே புகழ்ந்துகொள்வான். இன்றைக்கு நம்ம கோழியைத் தின்றவன் ஊர் திரும்பமாட்டான் என்பான். அவன் பீற்றிக்கொள்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சொன்னபடியே நடந்ததுதான் அருமைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட வருகிறவர்கள் இரண்டாம் தடவை சவரியின் தட்டத்துக்குத்தான் கை நீட்டினார்கள்.

அதைவிட மோசம், வெந்ததில் நல்ல துண்டாகப் பார்த்து சுவருக்கு மேலே நீட்டுவான். "மொதல்ல நீங்க சாப்பிட்டுப் பாருங்க அண்ணாச்சி."

அதை வாங்கித் தின்பார். நன்றாக இருக்கும். அதுதான் அவரை உறுத்தும்.

சாவி கைக்கு வந்த பிறகு அருமைநாயகம் யோசிக்கவே இல்லை. சவரி கொய்யா எடுத்தால் இவரும் கொய்யா. சவரி மாமரம் எடுத்தால் இவரும் மாமரம். அவன் ஒரு துண்டைக் காதருகே ஒடித்துக் கேட்டால் இவரும் ஒடித்துக் கேட்டார். நன்றாகக் காய்ந்தது சடக்கென்று ஒடியும், ஈரம் பட்டது பொலபொலவென்று உதிரும். அதையும் அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

தட்டங்கள் மட்டும் மாறவில்லை. சவரியின் தட்டம் காலி. இவருடையதில் மிச்சம்.

சாக்கில் கொய்யா என்று எழுதிவிட்டு உள்ளே வேறு எதையோ அவனுக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இந்த நேரத்தில்தான் டீச்சர் அந்தச் செய்தியைச் சொன்னார். குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு சமையல்கூடம் திறக்கப் போகிறார். அதை ஒருவர் பொறுப்பில் விடவேண்டும். இருவரில் யார் என்பதை வருகிற ஞாயிறு சொல்வதாக இருந்தார்.



மறுநாள் காலை, சவரி குளிக்கப் போயிருந்தபோது, அருமைநாயகம் கிடங்கைத் திறந்தார். கொய்யா மூட்டையைக் கவிழ்த்துப் புளியமரத்து மூட்டையில் இருந்ததை அதில் நிரப்பினார். கவிழ்த்த கொய்யாவைப் புளிய மூட்டையில் நிரப்பினார். சாக்கின் மேல் எழுதியிருந்தது அப்படியே இருந்தது.

அன்றைக்குச் சவரிக்கு வஞ்சிர மீன். புளியம்புகை கடுமையானது, மீனைக் கசப்பாக்கிவிடும். அருமைநாயகம் சுவரருகே நின்றுகொண்டார்.

சவரி தொட்டியை நிரப்பினான். நெருப்பு பிடித்தது. முதல் புகை வந்ததும் பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்தினான். மூக்கைத் தூக்கினான். மீனை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓர் ஆட்டுத்தொடையைக் கொண்டுவந்து வைத்தான்.

"சாக்கு மாறிப்போச்சு போல அண்ணாச்சி. புளி வாசம் அடிக்கு. மீனு இதத் தாங்காது, கறி தாங்கும்."

யார் மாற்றினார்கள் என்று அவன் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

அந்தத் தொடையைத் தின்றவர்கள் மறுநாளும் அதையே கேட்டார்கள். அருமைநாயகத்தின் கோழி ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு வயிறு எரிந்தது.

ஞாயிறு வந்தது. இரண்டு அடுப்பையும் காலையிலேயே மூட்டியாயிற்று. விருந்தாட்கள் வர இன்னும் நேரம் இருந்தது. அருமைநாயகம் டீச்சரைத் தேடிப் போனார். அவர் கிணற்றடியில் வாழையிலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் கிளம்புதேன் டீச்சர்."

ஏன் என்று டீச்சர் கேட்டார்.

அருமைநாயகம் கொட்டித் தீர்த்தார். யாருக்கென்று நீங்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டீர்கள் என்றார். அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதை எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றார். அவனுக்கு இருக்கும் மூக்கைக் கடவுள் எனக்குக் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். 

பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "சாக்க மாத்துனது நாந்தான்."

"தெரியும்," என்றார் டீச்சர்.

இலையை உதறி ஓரமாக அடுக்கினார். பிறகு கேட்டார்.

"போன ஞாயித்துக்கிழமை சவரி எதுல காடை வச்சான்?"

"கொய்யா."

"அதுக்கு முந்தி, மழை பெஞ்ச அன்னிக்கு?"

"மாமரம். ஈரமாயிருந்துச்சு. பாதியில தொட்டியக் காலி பண்ணிட்டு வேற மூட்டை பிரிச்சான்."

"அவன் வந்த புதுசுல?"

"பலா. ரெண்டு மூணு தடவ. அப்புறம் அத விட்டுட்டான்."

டீச்சர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கிணற்றடியிலிருந்து அடுப்புகள் நல்ல தூரம். நடுவில் வைக்கோல் படப்பு மறைத்தது.

"இப்ப என்ன எரிக்கான்?"

அருமைநாயகம் கண்ணை மூடினார். நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"சப்போட்டா. அதுல கொஞ்சம் கொய்யா கலந்திருக்கான்."

டீச்சர் சவரியைக் கூப்பிட்டுக் கேட்டார். படப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. சப்போட்டாதான், ஒரு கை கொய்யா போட்டேன், ஏன் டீச்சர், வாசம் நல்லா இல்லையா என்று அவன் கேட்டான். நல்லாத்தான் இருக்கு என்று டீச்சர் சொன்னார்.

பிறகு அருமைநாயகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இப்படி ஒரு மூக்கு சவரிக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது."

அருமைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் அவரைப் பற்றி அங்கே ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நிமிர்ந்து நின்றார். குற்றாலம்கூட நினைவுக்கு வந்தது.

டீச்சர் அடுத்த இலையை எடுத்தார்.

"உங்க அடுப்புல என்ன எரியுது?"

அருமைநாயகம் வாயைத் திறந்தார்.

காலையில் ஏதோ மூட்டையைப் பிரித்தது நினைவிருந்தது. எந்த மூட்டை என்று நினைவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்தார். சப்போட்டா வந்தது. கூடவே ஒரு கை கொய்யா. இன்னும் ஆழமாக இழுத்தார். சப்போட்டா. கொய்யா.

வேறெதுவும் வரவில்லை.

படப்பைச் சுற்றி வேகமாக நடந்தார். பாதியில் ஓடினார்.

சவரியின் அடுப்புக் குழாயிலிருந்து நீலமாக, மெல்லிசாகப் புகை போய்க்கொண்டிருந்தது. சவரி ஏதோ சொன்னான். அருமைநாயகத்தின் காதில் விழவில்லை.

தன் அடுப்பின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார்.

சுடவில்லை.