ஆள்காட்டிக் குருவியின் பொய் நொண்டல்

பறவைகள் பேசினால் மனிதர்களுக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், ஒரு வறண்ட ஏரிக்குள் நெட்டைக் கால் குருவி ஒன்று குடியிருந்தது. அது கூடு கட்டாது. கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு, மேலே உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கும்.

சந்தை நாள்களில் சடையன் என்ற செப்பிடு வித்தைக்காரனும் அவன் மனைவி வெள்ளத்தாயும் ஏரிக்கரைக்கு வருவார்கள். அவள் உடுக்கை அடிப்பாள். அவன் சின்னக் கிண்ணம் போன்ற மரச் செப்புகளைக் கவிழ்த்து, அவற்றுக்கு அடியில் இருந்த துணிப்பந்தை மாயமாக்குவான். கூட்டம் வாயைப் பிளக்கும்.

மேலே வட்டமிட்ட குருவிக்கு ஒருநாள் விஷயம் பிடிபட்டது. சடையன் வலக்கையை வானத்துக்கு உயர்த்துகிறான். எல்லாக் கண்களும் அங்கே போகின்றன. அதற்குள் இடக்கை பந்தை மடியில் தள்ளிவிடுகிறது!

தெரிந்துகொண்ட பிறகு குருவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. அடுத்த சந்தையில் சடையன் கையை உயர்த்திய நேரத்தில் கத்தியேவிட்டது.

“மடியில் இருக்கு! மடியில் இருக்கு!”

ஒருவன் சடையனின் மடியைப் பிடித்து இழுத்தான். பந்து உருண்டு விழுந்தது. கூட்டம் ஊளையிட்டது. யாரோ செப்புகளை மிதித்து உடைத்தார்கள். “சரியான ஆள்காட்டி!” என்று குருவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

குருவி முட்டைகளிடம் திரும்பியதும், வெள்ளத்தாய் நேராக அதனிடம் வந்தாள்.

“ஏண்டி, நாங்க உனக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?”

“அவர் செய்தது பொய். பொய் என்று சொன்னேன்.”

“பொய்னு அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதானே வந்து நின்னாங்க! ஆசையா ஏமாந்தாங்க. அதைக் கெடுத்துட்டியே.”

அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு கீரி எட்டிப் பார்த்தது. குருவி பதறிப்போய் முட்டைகளின் மேலேயே படபடத்துக் கத்தியது.

“போ! இங்கே வராதே! போ!”

“இத்தனை நாளும் கல் எது, முட்டை எது என்று தெரியாமல் திரிந்தேன்,” என்றது கீரி. “நல்லவேளை, நீயே காட்டிக்கொடுத்தாய்.”

அது நெருங்கியது. குருவி இன்னும் கத்தியது. வெள்ளத்தாய்க்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை.

“அங்கேயே நின்னு கத்தாதடி! தள்ளிப் போய் விழு!”

“விழவா?”

“றெக்கை ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டு ஓடு! அது கண்ணு உன் மேல இருக்கட்டும்!”

குருவி தொலைவில் போய்ப் பொத்தென்று விழுந்தது. ஒரு சிறகைத் தரையில் பரப்பி, முனகிக்கொண்டே நொண்டியது. கீரியின் தலை திரும்பியது. முட்டையை விட்டுவிட்டு அது குருவியின் பின்னால் பாய்ந்தது. எட்டிப் பிடிக்கப்போன நேரமெல்லாம் குருவி இன்னும் கொஞ்சம் தள்ளி நொண்டிப் போனது. ஏரியின் மறுகரை வந்ததும் விருட்டென்று பறந்துவிட்டது. திகைத்துப்போன கீரிக்குத் திரும்பிப் போகும் வழிகூட மறந்துபோயிற்று.

குருவி திரும்பி வந்தபோது முட்டைகள் பத்திரமாக இருந்தன. வெள்ளத்தாய் உடைந்த செப்புகளைப் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னை மன்னித்துவிடு அக்கா. இனிமேல் உங்கள் வித்தையைச் சொல்ல மாட்டேன்.”

“இந்த ஊர்ல எங்க வித்தை இனிமே எடுபடாது. நாங்க கிளம்புறோம்,” என்றாள் வெள்ளத்தாய். திரும்பிப் பார்க்காமல் சடையனோடு நடந்தாள்.

குருவி முட்டைகளின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடியது. உடனே திறந்தது. புல் அசைந்தால், ‘என்னை அந்தப் பக்கம் பார்க்க வைத்துவிட்டு வேறு பக்கம் யார் வருகிறார்கள்?’ என்று பயந்தது. ஒன்றும் அசையாவிட்டால் இன்னும் பயந்தது. கீரிக்குத் தான் செய்ததைத் தனக்கும் எவரேனும் செய்வார்கள் என்ற எண்ணம் அதை உட்காரவே விடவில்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டிக் குருவி, ஆள் நடமாட்டம் தெரிந்தால் சிறகொடிந்ததுபோல் நொண்டிக் காட்டுகிறது. பகலென்றும் இரவென்றும் பாராமல், யாரும் வராதபோதும் அலறிக்கொண்டே பறக்கிறது.