ஜவ்வுமிட்டாய் அணிந்த காடு

கரடி வெள்ளையம்மா ஒவ்வொரு திருவிழாவுக்கும் தேன் ஜவ்வுமிட்டாய் கிண்டுவாள். செக்கச்செவேல் என்றிருக்கும், இழுத்தால் முழ நீளம் வரும். ருசியிலும் குறையில்லை. ஆனாலும் பல்லில் ஒட்டுகிறது என்று யாரும் அதைத் தொடுவதில்லை. முள்ளம்பன்றி செவத்தான் மட்டும் வந்து ஒரு துண்டு கேட்பான்.

இந்த ஆண்டு, காட்டுக்குக் காவல் இருக்கும் குரங்கு அங்குசாமி கால் தவறி மிட்டாய்த் தட்டிலேயே விழுந்தான். தலையெல்லாம் ஜவ்வு! எல்லோரும் சிரிக்கப் போனார்கள். அவன் முந்திக்கொண்டான்.

"என்ன பார்க்கிறீர்கள்? இதுதான் இப்போ புதுசு!"

சிரிப்பு அப்படியே நின்றது. பொழுது சாய்வதற்குள் மான் கொம்பில் சுற்றிக்கொண்டது. முயல்கள் காதில் தொங்கவிட்டன. நரி மீசையை முறுக்கி அதில் பூசிக்கொண்டது.

முதல் முறையாகத் தட்டு காலி. வெள்ளையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ருசி எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"ருசியா?" என்றது மான். "இதைப் போய்த் தின்பார்களா, அக்கா! அப்புறம், தேனுக்கு எறும்பு மொய்க்கிறது. இனிமேல் தேனே வேண்டாம்!"

அவளுக்கு மனசு உறுத்தியது. ஆனால் வரிசை ஆற்றங்கரை வரை நின்றதே! தேனை நிறுத்திவிட்டு வேலம்பிசினைக் கொட்டிக் கிண்டினாள்.

செவத்தான் வழக்கம்போல வந்து ஒரு துண்டைக் கடித்தான். அவ்வளவுதான். வாய் ஒட்டிக்கொண்டது!

"ம்ம்! ம்ம்!"

ஒரு முயல் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "வாயிலேயே ஒட்டிக்கொண்டாயா! அடடா, இது எனக்குத் தோன்றவில்லையே!"

மறுநாள் காடு முழுக்க ஒட்டிய வாய்கள்.

அன்று மத்தியானம் புதர் அசைந்தது. சிறுத்தை! உச்சிக்கிளையிலிருந்து அங்குசாமி பார்த்துவிட்டான். கத்த முயன்றான்.

"ம்ம்ம்! ம்ம்ம்!"

புதுப் பாட்டு என்று நினைத்துக் கீழே எல்லோரும் தலையாட்டினார்கள்.

கிண்டும் வேலையில் தனக்கென்று ஒட்டிக்கொள்ள வெள்ளையம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. நல்லவேளை! நிமிர்ந்தவள் புள்ளித்தோலைக் கண்டாள்.

"சிறுத்தை! ஓடுங்கள்!"

கூட்டம் சிதறியது. மான் மயிரிழையில் தப்பியது. அதன் வால் மட்டும் சிறுத்தையின் வாயோடு போயிற்று.

வெள்ளையம்மா பிசின் பானையைக் கவிழ்த்தாள். வெந்நீர் வைத்து ஒவ்வொரு வாயாகப் பிரித்தாள். முதலில் செவத்தானுக்கு, கடைசியில் முயல்களுக்கு. பிறகு செவத்தானிடம் திரும்பி வந்தாள்.

"தம்பி, நீ ஒருத்தன்தான் தின்ன வந்தாய். உனக்குத் தந்ததிலாவது தேன் போட்டிருக்கணும்" என்று தலைகுனிந்தாள்.

"அதை விடுங்க அக்கா, அங்கே பாருங்க!" என்றான் செவத்தான்.

அங்கே, வலியில் முனகிக்கொண்டிருந்த மானைச் சுற்றி முயல்கள் கூடியிருந்தன.

"வாலில்லாமல் எவ்வளவு எடுப்பாக இருக்கிறாய்! வாலை எங்கே வெட்டிக்கொண்டாய்? எங்களுக்கும் சொல்லேன்!"

எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காகவே ஒன்றைச் செய்கிறவர்கள், எதற்காகச் செய்கிறோம் என்று கேட்கும் புத்தியைத்தான் முதலில் இழக்கிறார்கள்.