குருட்டுக் குதிரையும் நரி கேட்ட கூலியும்

கடல் வந்து முட்டி நிற்கிற ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. மற்ற நரிகளுக்கு வயிறு பெரிது என்றால் இதற்கு வாய் பெரிது. எதைக் கண்டாலும் "ஏன்? எதுக்கு? எப்படி?" என்று துளைத்தெடுத்துவிடும். ஆமையிடம் போய், ஓட்டுக்குள்ளே உன்னோடு வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்ட நரி அது. காட்டில் எல்லாரும் அதைக் கேள்வி நரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதே காட்டில் வெள்ளச்சி என்று ஒரு வயதான பெண் குதிரையும் இருந்தது. அதற்கு இரண்டு கண்ணும் தெரியாது. கோடை வந்து குட்டைகள் வற்றியதும் மற்றக் குதிரைகள் தண்ணீர் தேடித் தொலைவாகப் போய்விட்டன. வெள்ளச்சி மட்டும் ஒரு பனைமரத்தடியில் நின்றுவிட்டது.

நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதற்கும் பனைமரத்துக்கும் நடுவில் உவர்ச்சேறு. பார்வைக்குக் காய்ந்த தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் வயிறு வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் நடுவே கெட்டியான தடம் ஒன்றே ஒன்று வளைந்து வளைந்து போகும். அந்தத் தடத்தைக் கண் தெரியாத குதிரை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அதற்காகத்தான் தினமும் விடிகிற நேரத்தில் சந்தியாகு வரும். சந்தியாகு ஒரு கழுதை. காட்டோரத்து மாதா கோவிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வளர்த்த கழுதை. அதன் முதுகில் சிலுவை வரைந்த மாதிரி கறுப்புக் கோடு இருக்கும். வெள்ளச்சி அந்தக் கோட்டின்மேல் தாடையை வைத்துக்கொள்ளும். இரண்டும் மெள்ள மெள்ள ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும்.

கேள்வி நரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதருக்குள் பதுங்கிப் பதுங்கி அவர்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தது. தடம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் கழுதைக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் தெரியவே இல்லை. நேரே கேட்டுவிட்டது.

"அண்ணே, இந்த வேலைக்கு உனக்கு என்ன கூலி?"

"நல்ல கூலி, தம்பி."

"யாரு குடுக்கிறா? வெள்ளச்சி அக்காகிட்ட ஒரு துரும்பு வைக்கோல்கூட இல்லையே!"

"ஆண்டவர் குடுக்கிறார்."

"ஓகோ! அவரு எவ்வளவு உயரம்? பையோட வருவாரா, கூடையோட வருவாரா?"

சந்தியாகு காடே அதிரும்படி சிரித்தது.

"எங்க இனத்துல ஒருத்தர் ஆண்டவரையே சுமந்துக்கிட்டு எருசலேமுக்குப் போனாரு. அவருக்கு யாரும் ஒரு பிடி புல் குடுத்ததாக்கூடக் கேள்வி இல்ல. ஆனா அன்னிக்கு அவரு எவ்வளவு சந்தோஷமாத் தூங்கியிருப்பாரு, நெனச்சுப் பாரு! ஒண்ணுமில்லாதவங்களுக்குச் செய்யிறது ஆண்டவருக்கே செய்யிற மாதிரி. வெள்ளச்சி என் முதுகுல தாடையை வைக்கிறப்ப நான் யாரைச் சுமக்கிறேன்னு எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் சரி அண்ணே. கூலியை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

கழுதை காதை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. நரிக்கு மண்டை காய்ந்தது. ஊற்றுக்கு அடியில் புதைத்திருக்குமோ? அந்த நீளக் காதுக்குள் வைத்திருக்குமோ?

ஆண்டவர் எருசலேமுக்குப் போனதை நினைத்து ஓலை பிடித்துப் பவனி போகிற குருத்தோலை ஞாயிறு வந்தது. பவனியில் சந்தியாகுதான் முன்னால் நடந்தது. திரும்பி வரும் வழியில் குளம்பில் ஒரு துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. உபதேசியார் ஆணியைப் பிடுங்கி, மருந்து வைத்துக் கட்டி, எழுந்திருக்கக் கூடாது என்று கோவிலுக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டார்.

மறுநாள் நரி போய் எட்டிப் பார்த்தபோது கழுதை அழுதுகொண்டிருந்தது.

"வலிக்குதா அண்ணே?"

"காலை விடு தம்பி. வெள்ளச்சி தண்ணி குடிக்கலையே! ரெண்டு நாள் போனா அவ உயிரு நிக்காதே!"

நரியின் கண் பளிச்சென்றது. "நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா கூலி எனக்குத்தான்."

"எடுத்துக்கோ. முழுசா நீயே எடுத்துக்கோ."

கூலியை இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிற ஆளை நரி அதுவரை பார்த்ததில்லை. கூலி கைக்கு வந்ததும் நழுவிவிட வேண்டியது, அந்தக் குதிரை எக்கேடோ கெடட்டும் என்று நினைத்துக்கொண்டது. ஆமாம் குழந்தைகளே, அப்படித்தான் நினைத்தது. நரியை நல்லவனாக்கிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் பனைமரத்தடிக்குப் போனது.

"இது சந்தியாகு காலடி இல்லியே. யாரு?" என்றது வெள்ளச்சி.

"நான்தான் அக்கா, நரி. அண்ணன் அனுப்புச்சு."

வெள்ளச்சி ஓர் அடி பின்வாங்கியது. நரியை நம்பிச் சேற்றுக்குள் போவதா? ஆனால் நாக்கு வறண்டு கிடந்தது. அது தலையைத் தாழ்த்திக்கொண்டு, "உன் முதுகு எனக்கு எட்டாதே, தம்பி" என்றது.

"வாலைப் பிடிச்சுக்கோ. கடிச்சிடாதே!"

பல் படாமல், உதட்டால் மட்டும் வெள்ளச்சி அந்த வாலைப் பிடித்துக்கொண்டது. தடத்தில் வளைந்து வளைந்து இருவரும் ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குதிரை குடித்தது. நரி மேட்டில் ஏறி நாலு பக்கமும் பார்த்தது. பையோடும் யாரும் வரவில்லை, கூடையோடும் யாரும் வரவில்லை. சரி, நாளைக்குச் சேர்த்து வரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டது. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. என்னதான் வருகிறது பார்ப்போமே என்று நரியும் விடவில்லை.

ஒருநாள் நடுச்சேற்றில், தடத்தின்மேலேயே கொழுத்த நண்டு ஒன்று ஓடியது. 'அடடா, கூலி இப்படியா வருகிறது!' என்று நரி ஒரே தாவாகத் தாவி நண்டைக் கவ்விவிட்டது. குதிரையின் உதட்டிலிருந்து வால் நழுவியது. வெள்ளச்சியின் முன்னங்கால் தடம் தவறிச் சேற்றுக்குள் இறங்கியது.

அது கத்தவில்லை. அப்படியே அசையாமல் நின்று கேட்டது: "தம்பி, இருக்கியா?"

நரி விழித்தது. பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் நண்டு போய்விடும். சொல்லாவிட்டால் குதிரை அடுத்த காலை எங்கே வைக்குமோ!

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன் அக்கா!"

நண்டு விழுந்தடித்து ஓடி வளைக்குள் மறைந்தது. நரி திரும்பி ஓடிவந்து வாலைக் குதிரையின் உதட்டில் கொடுத்தது. "காலை மெதுவா இழு. இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். ஆங், வந்துட்டே!"

வெள்ளச்சி சேறு வழிய வழிய மேலே வந்து நின்றது. "நீ இருப்பேன்னு எனக்குத் தெரியும்" என்றது.

இதுவரை யாரும் நரியைப் பார்த்து இப்படிச் சொன்னதில்லை. அதற்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. பட்டினியால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தது. அன்றுமுதல் தடத்தில் போகும்போதெல்லாம் வெள்ளச்சி கேட்கும், "தம்பி, இருக்கியா?" நரி சொல்லும், "இருக்கேன் அக்கா."

பிறகு கோடை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குட்டைகள் நிறைந்தன. பனைமரத்தடியிலேயே தண்ணீர் தேங்கி நின்றது. இனி வெள்ளச்சியை யாரும் எங்கும் கூட்டிப் போக வேண்டியதில்லை. ஒருநாள் முழுக்க நரி தன் வளையிலேயே படுத்துக் கிடந்தது. வயிறு நிறைய எலி தின்றும் என்னவோ குறைந்த மாதிரியே இருந்தது.

அடுத்த நாள் விடிகிற நேரத்தில், குளம்பு ஆறிய சந்தியாகு நொண்டி நொண்டிப் பனைமரத்துக்கு வந்தது. அங்கே கேள்வி நரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

"என்ன தம்பி, எங்க பாத்தாலும் தண்ணி கெடக்கு. நீ ஏன் வந்தே?"

நரி முன்னங்காலால் ஈர மண்ணைக் கிளறியது.

"ஆண்டவரைப் பாத்தியா?" என்று கேட்டது கழுதை.

"பாக்கலை அண்ணே. இத்தனை நாளும் கூலி வரலை, வரலைன்னு புலம்பிக்கிட்டிருந்தேன். நேத்துதான் அக்கா 'இருக்கியா'ன்னு கேக்குறது நின்னுபோச்சு. நின்ன பிறகுதான் தெரியுது, கூலி தினமும் வந்துக்கிட்டிருந்திருக்கு."

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தம்பி, இருக்கியா? மழைக்கு எங்கேயோ புதுப்புல் வாசனை அடிக்குது. எங்கேன்னுதான் தெரியலை."

"இருக்கேன் அக்கா!" என்று நரி ஓடிப்போய் வாலை நீட்டியது.

நீதி: பிறருக்காக ஆண்டவர் பேரில் செய்கிற வேலையின் கூலி, பையிலும் கூடையிலும் வருவதில்லை, அது செய்கிறவனோடு கூடவே நடந்து வருகிறது.