அஞ்சலட்டையில் ஒரு ‘வா’

“அம்மா, இந்த ஒரே ஒரு எழுத்து என்னை உட்காரவும் விடல, சாப்பிடவும் விடல” என்று வந்து நின்றார் புலவர் ஆவுடையப்பன்.

கையில் ஒரு அஞ்சலட்டை. அதில் ‘வா’ என்று மட்டும் எழுதியிருந்தது.

எங்கள் மடத்தில் குருவுக்கு நாற்பது வயது, சீடரான இந்தப் புலவருக்கு எழுபது. குரு ஞானாம்பிகை அம்மா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“யார் போட்டது?” என்றார் அம்மா.

“லக்னோவிலேருந்து என் மக. விலாசம் அவ கையெழுத்துதான். நாங்க பேசி ஏழு வருஷம் ஆச்சு.”

“வான்னு கூப்பிட்டிருக்கா. போயிட்டு வர வேண்டியதுதானே?”

“அதெப்படிம்மா! பெத்த அப்பனை ‘வா’ன்னு கூப்பிடுவாளா? ‘வாங்கப்பா’ தவிர வேற வார்த்தை அவ வாயில வந்ததே இல்ல. அப்போ இது தமிழ் இல்ல.”

அடேயப்பா! நாலு மொழி அகராதியைக் கரைத்துக் குடித்த மனுஷர். சும்மா இருப்பாரா? ஆரம்பித்துவிட்டார்.

“சமஸ்கிருதத்துல ‘வா’ன்னா ‘அல்லது’. அவ கல்யாணத்தப்போ ‘அவனா, நானா’ன்னு கேட்டேன். அதைக் குத்திக் காட்டுறா.”

“ம்.”

“உருதுல ‘வாஹ்’. பாரசீகத்துலேருந்து வந்தது. மெச்சவும் சொல்லுவாங்க, கேலிக்கும் சொல்லுவாங்க. நல்ல அப்பன்தான் போன்னு கேலி பண்றாளோ?”

“ம்.”

“மருமகனுக்குக் கண்ணூர். மலையாளத்துல வாய்க்கும் ‘வா’ன்னு சொல்றதுண்டு. உங்க வாய்தானே எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு...”

பாவம், அழுதே விட்டார். எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“ஐயா, இந்த ‘வ’வுக்கும் காலுக்கும் நடுவுல ஒரு மாட்டுவண்டியே போகும் போலிருக்கே.”

“கோபத்துல எழுதியிருப்பா.”

“பென்சில்லயா? நாலு தடவை அழிச்சு எழுதியிருக்கு. கோபமா இருக்கிறவ ரப்பரைத் தேடிக்கிட்டு இருப்பாளா?”

புலவர் குனிந்து பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“அந்த வீட்டுல உங்களை ‘வா, போ’ன்னு கூப்பிடுற உரிமை யாருக்கு இருக்கு?” என்று கேட்டார் அம்மா.

புலவர் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் அரிசியை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பேத்தி பொறந்திருக்கான்னு ஊர்ல சொன்னாங்க” என்றார் கடைசியில். “வீம்புல பேரைக்கூடக் கேட்டுக்கல நான். இப்ப அவளுக்கு அஞ்சு வயசு இருக்கும். அந்த ஊர்ல எந்தப் பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லித் தர்றாங்க? என் மகதான் உட்கார வெச்சு...”

அட்டையை வாங்கிக்கொண்டு சட்டென்று வாசலுக்குப் போனார். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடினார். கண் நிறைய நீர், வாய் நிறையச் சிரிப்பு.

“ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கய்யா” என்றேன். காதில் விழவே இல்லை.

“எந்த மொழின்னு முடிவாச்சா?” என்று அம்மா வாசல்வரை கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“வரேன், வரேன்!” என்று கத்திக்கொண்டே படியிறங்கினார் புலவர்.

எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்துச் சொன்னார்.