ஜப்பானில் ஆயுத பூஜை

'புஸ்ஸ்' என்று பெரிய பாம்பு சீறியதுபோல முதலில் சத்தம்தான் வந்தது. பிறகுதான் அந்தச் சிவப்புக் கார் ஷெட்டிலிருந்து வெளியே வந்தது.

"ஜப்பான் பந்தயக் காருங்க டாக்டரம்மா. போன வாரந்தான் கப்பல்ல வந்து இறங்குச்சு. நம்மூர்ல ஒருத்தர் கை பட்டதில்லை" என்றபடி இறங்கிச் சாவியை நீட்டினார் பழைய கார் விற்கும் சென்னியப்பன்.

வாங்க வந்த டாக்டர் கோகிலவாணி சாவியோடு காரைச் சுற்றிவந்து, கதவில் நீளமாக ஒரு கீறலைக் காட்டினார்.

சென்னியப்பன் கார் கழுவும் ஆறுச்சாமிமேல் பாய்ந்தார். "நேத்துக் கழுவறப்போ கீறிட்டயாடா? நீ கீறலைன்னு இப்பவே நிரூபி. இல்லைன்னா வேலையை விட்டு நடையக் கட்டு!"

கீறாததை எப்படி நிரூபிப்பது? ஆறுச்சாமி தலையைச் சொறிந்தான்.

"அது தெரியலீங்க மொதலாளி. எனக்கு வேறொரு குழப்பம்." பானெட்டைத் திறந்து, உள்மூலையை நகத்தால் சுரண்டினான். காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், மறுபடி சந்தனம், குங்குமம் என்று ஏழு ஜோடி அடுக்கு உதிர்ந்தது. "வருசத்துக்கு ஒரு பொட்டுன்னா ஏழு வருசமுங்க. ஜப்பான்லயும் ஆயுத பூஜை கும்பிடுவாங்களா?"

சென்னியப்பன் பானெட்டைப் படாரென்று மூடினார். "அது... அங்கயும் நம்மாளுக இருக்காங்கல்ல? அவங்க வெச்சிருப்பாங்க."

"அப்படீங்களா! அப்போ கீறலும் அவங்க போட்டதுதானுங்களா?"

"ஆமாமா, அவங்கதான்!" சொன்ன பிறகுதான், தாம் யாரைக் காப்பாற்றினோம் என்று சென்னியப்பனுக்கே குழம்பியது.

டாக்டர் சாவியை அவர் கையில் வைத்தார். "ஆயுத பூஜை கும்பிடற ஜப்பான்காரங்க வந்தா சொல்லி அனுப்புங்க. விலையை அவங்ககிட்டயே பேசிக்கறேன்."

டாக்டர் போன வாசலையும் கையிலிருந்த சாவியையும் சென்னியப்பன் மாறி மாறிப் பார்த்தார். ஆறுச்சாமி துணியைப் பிழிந்து, அடுத்த காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.