ஐயாவின் தூக்கம்

கோயமுத்தூர்ப் பக்கம் பணக்காரர்கள் மதில் கட்டி வாழும் பங்களாக் குடியிருப்பு அது. சங்கத் தலைவர் ஞானவடிவேலுக்கு எதிலும் முதலிடம் வேண்டும். அங்கே ஓர் ஆரோக்கியப் போட்டி வந்தது; ஜெயித்தால் கோப்பை. நடப்பதையும் தூங்குவதையும் கைக்கடிகாரமே அளந்து மார்க் போடும். தலைவருக்கு நடக்க ஏது நேரம்? கடிகாரத்தை டிரைவர் செங்கோடன் கையில் கட்டி நடக்கவிட்டார். நடை மார்க் எகிறியது. ஆனால் தூக்க மார்க்? கோப்பைக் கவலையில் மனுஷர் கண்ணையே மூடுவதில்லை.

"இன்னைக்கு ராத்திரி எனக்குப் பதிலா நீயே தூங்குடா. மார்க் குறைஞ்சா உன் வேலை போயிரும்!"

"ஆகட்டுங்க ஐயா."

விடிந்ததும் தூக்கத்துக்கு நூற்றுக்கு நூறு. மத்தியானம் கோப்பையோடு ஊர் புடைசூழத் தலைவர் பரிசளிப்பு மண்டபத்தைவிட்டு வெளியே வந்தார். நாலு வீடு தள்ளிப் போகவும் அவருக்குக் கார்தான். காருக்குள் செங்கோடன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"வேலை நேரத்துல என்னடா தூக்கம்? ராத்திரி தூங்கலியா?"

"ராத்திரி தூங்குனது உங்க தூக்கமுங்க ஐயா. என் தூக்கத்த இப்பத்தானுங்க தூங்கறேன்!" என்றான், கடிகாரக் கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குட்டு உடைந்து கோப்பையும் போயிற்று, அதன் கவலையும் போயிற்று. பின்சீட்டில் சாய்ந்த தலைவர், நாலாவது வீடு வருமுன்பே அசந்து தூங்கிப்போனார்.

மார்க் போடத்தான் கையில் கடிகாரமில்லை.